எழுபது என்று சொன்னவர்கள்

யாரிடம் வயதைக் கேட்டாலும் ஐந்திலோ பூஜ்யத்திலோதான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நீங்கள்கூட நேற்று, இந்த வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது என்றீர்கள், மேடம். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழின் தேதியைப் பார்த்தேன். பதினெட்டு வருஷம், ஏழு மாதம். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் பிழைப்பே இதுதான் என்பதால் கண் தானாக அங்கே போய்விடுகிறது.

பன்னிரண்டு தாள்களும் ஒரு பேனாவும் கொடுத்து, "அவசரமில்ல சார், நிதானமா எழுதுங்க. அடித்தல் திருத்தல் மட்டும் இல்லாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அடித்தல் இருக்காது. திருத்தல்தான் இருபத்தாறு வருஷம் நான்கு மாதமாக எனக்குச் சோறு போட்டது.

உங்கள் கேள்வி ஒன்றே ஒன்று. தடுப்பூசிப் பட்டியலில் ஏழாயிரத்துச் சொச்சம் பேருடைய வயதை நான் எழுபதிலிருந்து கீழே இறக்கினேன். அதனால் அவர்களுக்கு முதல் சுற்றில் ஊசி கிடைக்கவில்லை. அடுத்த சுற்று வருவதற்குள் அவர்களில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் நோய் வந்து இறந்துபோனார்கள். இது முறையில் நேர்ந்த தவறா, இல்லை யாரையாவது தெரிந்தே இறக்கினேனா என்று கேட்கிறீர்கள். முறைத் தவறு என்றால் துறை விசாரணை, வேலை போகும், இன்று சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம். ஒரே ஒருவரையாவது தெரிந்து செய்திருந்தால் வீட்டுக்குப் போக முடியாது. இதை ஒளிவுமறைவில்லாமல் நீங்கள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வெளியே பெஞ்சில் என் மனைவி மாற்றுச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் அலுவலகத்தைச் சொல்கிறேன். மக்கள்தொகை அலுவலகத்தில் நான் மூன்றாம் மாடி. தரைத்தளத்தில் எதிரெதிராக இரண்டு மேசைகள். ஒன்றில் பிறப்புப் பதிவு, இன்னொன்றில் இறப்புப் பதிவு. பிறப்பு மேசையில் இருப்பவரைப் பிறப்பக்கா என்றும் இறப்பு மேசையில் இருப்பவரை இறப்பண்ணன் என்றும்தான் எல்லோரும் கூப்பிடுவோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பிளாஸ்க், ஒரே ஸ்டேப்ளர். வரிசை தெரியாமல் இனிப்புப் பெட்டியோடு தன் முன்னால் வந்து நிற்கும் புது அப்பாக்களை அண்ணன் முகம் சுளிக்காமல் எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவார். என் பெயர் தசமம். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில், பிள்ளைகள் எத்தனை என்று யாரோ கேட்டபோது, "ஊர்ச் சராசரி இரண்டு புள்ளி நான்கு, எனக்கு இரண்டு" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து என் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

மேலே நான் செய்வது இதுதான். கணக்கெடுப்பவர் வீட்டுக்குப் போய், பெரியவருக்கு வயதென்ன என்று கேட்பார். பெரியவர் மின்விசிறியைப் பார்ப்பார். மருமகள் உள்ளேயிருந்து, "எழுபது போட்டுக்கங்க சார்" என்பாள். அடுத்த வீட்டிலும் எழுபது. அதற்கடுத்த வீட்டிலும் அதே. எங்கள் ஊர்ப் பதிவேட்டில் அறுபத்தொன்பது வயதுக்காரர்கள் ஆயிரத்து நூறு பேர், எழுபத்தொன்றில் தொள்ளாயிரம் பேர். நடுவில் எழுபதில் மட்டும் பதினாறாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இதை நாங்கள் குவியல் என்போம். குவியலைக் கண்டால் பரத்த வேண்டும். மேலே நான்கு வயது, கீழே நான்கு வயது, நடுவில் ஒன்று என ஒன்பது வயதுகளுக்குச் சமமாகப் பங்கிட்டுவிட்டால் வரைபடம் இறங்கு சரிவாக அழகாக வந்துவிடும். மொத்தக் கணக்குக்கு இது பாவமில்லை. எந்த ஆளை எந்த வயதுக்குத் தள்ளினோம் என்பது வரைபடத்துக்குத் தெரியவும் தெரியாது.

அடுத்து வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு குளியலறை. மக்கள்தொகை ஒன்பது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார், மச்சான், மச்சான் மனைவி, அவர்களுடைய மகன். மாமனார் குடும்பம் இருந்த வாடகைக் கட்டடத்தை இடித்தபோது, "ரெண்டே மாசம் மாப்ளே, வேற வீடு பாத்துடறோம்" என்று வந்தார்கள். பதினோரு வருஷம் ஆகிறது. மாமனார் அச்சகத்தில் பெரிய மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மெஷின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் ரகசியத்தைக்கூடத் தெருமுனைக்குக் கேட்கும்படிதான் சொல்வார். ஒருநாள் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருந்தபோது தலைகளை எண்ணிவிட்டு, "ஒம்போது பேரு மாப்ளே. இன்னும் ரெண்டு பேரு இருந்தா கிரிக்கெட் டீம் அனுப்பலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அவரை எனக்குப் பிடிக்கும். இதை இப்போதே எழுதிவைப்பது நல்லது.

காலை ஆறு மணிக்கு அவர் குளியலறைக்குள் போனால் ஆறு ஐம்பதுக்குத்தான் வெளியே வருவார். உள்ளே பாடுவார். பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். என் பஸ் ஏழு பத்துக்கு. பதினோரு வருஷமாக நான் சமையலறைத் தொட்டியில் முகம் கழுவி, ராத்திரி வந்து குளித்தேன். ஒரு தடவை கதவைத் தட்டினேன். "இதோ ஆச்சு மாப்ளே" என்றார். அதற்குப் பிறகு இரண்டு சரணம் பாடினார்.

அவருக்குப் பிறந்த தேதி தெரியாது. கேட்டால் எழுபது என்பார், வருஷக்கணக்காக அதே எழுபது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் அவருடைய அச்சகச் சேர்க்கைக் கடிதத்தை வைத்துக் கணக்குப் போட்டு, எழுபத்து மூன்று என்று நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பதிவேட்டைப் புதுப்பிக்க ஆள் வந்தபோது நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கூடத்திலிருந்து, "எழுபது" என்று கத்திவிட்டார். குடும்பத்தார் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. நான் குறுக்கே போகவில்லை.

இனி நோய். அலுவலக வாசலில் ஒரு மின்பலகை உண்டு. ஊரின் மக்கள்தொகையை எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்குச் சராசரியாக நூறு பிறப்பு, நாற்பது இறப்பு. அதனால் பதினான்கு நிமிஷத்துக்கொருமுறை ஒன்று கூடும், முப்பத்தாறு நிமிஷத்துக்கொருமுறை ஒன்று குறையும். சில நாள் எண் அப்படியே நின்றுவிடும். காவலாளி எழுந்துபோய் ஓர் அறை விடுவார், மறுபடி பிறப்பு நடக்கும். இருபது லட்சத்தைத் தொட்ட அன்று இயக்குநர் அதன் கீழே நின்று சிறு குடும்பத்தின் சிறப்பைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். அவருடைய நான்கு பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

இந்த ஊருக்கு இத்தனை பேர் தாங்காது என்று அறிக்கைமேல் அறிக்கையாக எழுதியவன் நான். தண்ணீர், பஸ், பள்ளிக்கூடம், சாக்கடை என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். யாரும் படிக்கவில்லை. நோய் வந்தபோது நான் ஆசைப்பட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். எதிர்பார்த்தேன், அவ்வளவுதான். முதல் பொதுமுடக்கத்தில் அத்தியாவசியப் பணியாளர் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் முறை. மனசு உறுத்தியதா என்று கேட்டால், இல்லை. காற்று நன்றாக வந்தது.

ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தேன். நோயில் இறந்தவர்கள் ஆறாயிரத்து இருநூறு பேர். டிவி பார்த்தவர்கள் ஊரே காலியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கணக்கில் நாளொன்றுக்கு அறுபது பேர் நிகரமாகக் கூடுகிறார்கள். ஆறாயிரத்து இருநூறு என்பது நூற்று மூன்று நாள். என் வரைபடத்தில் அந்தப் பள்ளம் பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிட்டது. இரண்டு மூக்குக்கண்ணாடிகளைப் போட்டுப் பார்த்தேன், தெரியவில்லை. ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குத் தப்பாகப் படும். இருந்தாலும் எழுதுகிறேன், ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பிறப்பக்காவிடம் சொன்னேன். அவர் எதிரே நின்ற நீள வரிசையைக் காட்டி, "எல்லாரையும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடங்கன்னு சொன்னது யாரு? அதான் இப்ப என் டேபிள்ல வந்து நிக்குது" என்றார்.

இரண்டாம் வருஷம் ஊசி மருந்து வந்தது. முதல் சுற்று எழுபது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. பதிவேட்டின்படி நாற்பத்தேழாயிரத்து முந்நூறு பேர். வந்த மருந்தோ நாற்பதாயிரம் பேருக்குத்தான். இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"என்னய்யா தசமம், ஏழாயிரம் பேரு கூடுதலா இருக்கே. எதாவது பண்ண முடியுமா?"

"எழுபதுல ஒரு குவியல் இருக்கு சார். அதைப் பரத்தினா சரியாயிடும்."

"அப்ப பரத்திடுங்க."

"இதுவரைக்கும் மொத்த எண்ணிக்கைக்குத்தான் சார் செஞ்சிருக்கோம். ஆள் பட்டியல்ல செஞ்சதில்ல."

"விளக்கமெல்லாம் வேணாம்யா, எனக்கு ஏற்கெனவே தலை வலிக்குது. சாயங்காலத்துக்குள்ள பட்டியல் வேணும்."

மதியத்துக்குள் முடித்துவிட்டேன். நாற்பதாயிரத்துப் பதினோரு பேர் வந்தது. இயக்குநர் அந்தப் பதினோரு பேரைப் பெரிய மனதோடு விட்டுவிட்டார். யோசித்துப் பாருங்கள், மேடம். எப்படியிருந்தாலும் ஏழாயிரம் பேர் விடுபட்டுத்தான் ஆக வேண்டும். ஆள் பலம் பார்த்து விட்டிருந்தால் ஏழைகள் விடுபட்டிருப்பார்கள். சீட்டுக் குலுக்கியிருந்தால் அடிதடி நடந்திருக்கும். என் புரோகிராமுக்கு யாருடைய முகமும் தெரியாது, யார் சிபாரிசும் எட்டாது. எழுபது என்று சொன்னவர்களில் பாதிப் பேர் எழுபதே இல்லை என்பதும் உண்மைதான். எந்தப் பாதி என்பது மட்டும்தான் தெரியாது.

மாமனாரை மச்சான் ஸ்கூட்டரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்து முகாமுக்கு அழைத்துப்போனான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். மாமனார் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார்.

"மாப்ளே, உங்க ஆபீஸ்ல எனக்கு ஒரு வயசு கொறச்சுட்டாங்க. அறுபத்தொம்போதாம். அடுத்த சுத்துல வாங்க பெரியவரேன்னு அனுப்பிட்டாங்க. இப்படியே கொறச்சுக்கிட்டே போனா எனக்குப் பொண்ணு பாக்கக் கிளம்பிடலாம்."

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "இது சிரிக்கிற விஷயமாப்பா? உங்களுக்கு எழுபத்து மூணு" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்க பட்டியல்தானே. ஒரு நம்பர். அதை மாத்த முடியாதா?"

"முடியும்" என்றேன். "ஆனா நம்ம வீட்டு ஆளுங்கறதுக்காக மாத்தினா அது நியாயமா? விடுபட்ட ஒவ்வொருத்தருக்கும் வீட்டுல ஒரு பொண்ணு இருப்பா."

"அவங்களுக்கெல்லாம் அந்த ஆபீஸ்ல மாப்பிள்ளை இல்லையே."

"அதனாலதான் மாத்தக் கூடாதுங்கறேன்."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மாமனார்தான் நடுவில் வந்தார். "அவரைப் போட்டு இழுக்காதம்மா. மூணு மாசத்துல அடுத்த சுத்து. அதுக்குள்ள நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றார். அதோடு விடவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், கீழ்வீட்டுத் தையல்காரரிடம், பால் போடுகிறவரிடம், "சொந்த மாமனாருக்கே வளைஞ்சு குடுக்காத மனுஷன் எங்க மாப்பிள்ளை" என்று அவருடைய குரலில் சொல்லிக்கொண்டு போனார். நான்காம் மாடியில் எங்கள் வீட்டுக்குள் இருந்த எனக்குக் கேட்டது. அன்று பெருமையாக இருந்தது. மழுப்பவில்லை, மேடம், நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

ஐந்தாவது வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மச்சானுக்கு வந்து அடங்கிய காய்ச்சல்தான் அவருக்கும். மச்சானுக்கு நான்கு நாளில் சரியாகிவிட்டது. மாமனாரை மூன்றாம் நாளே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள், என் மனைவி போனாள். முகத்தில் குழாய் மாட்டியிருந்ததால் பேச முடியவில்லை என்றும், விரலால் கட்டில் கம்பியில் தாளம் போட்டார் என்றும் வந்து சொன்னாள். ஒன்பதாம் நாள் தாளமும் நின்றுவிட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளியலறை காலியாக இருந்தது. உள்ளே போனேன். வெந்நீர் தாராளமாக வந்தது. இருபது நிமிஷம் குளித்தேன். அழவும் செய்தேன். துக்கம் இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

இறப்பைப் பதிய மனைவியும் நானும் இறப்பண்ணன் மேசைக்குப் போனோம். அண்ணன் எழுந்து நின்று அவளுக்கு நாற்காலி கொடுத்தார். படிவத்தை அவரே நிரப்பினார்.

"வயசும்மா?"

"எழுபத்து மூணுண்ணே."

கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இங்க அறுபத்தொம்போதுன்னு காட்டுதே." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, இந்த வாரத்துல இது ஆறாவது. வீட்டுல எழுபதுங்கறாங்க, எழுபத்திரெண்டுங்கறாங்க. நம்மகிட்ட அறுபத்தேழு, அறுபத்தெட்டுன்னு இருக்கு. நம்ம பதிவேட்டுக்கு என்ன ஆச்சு?"

"பாக்கறேண்ணே" என்றேன். மனைவி, "இப்ப வந்து கேளுங்க" என்று மட்டும் சொன்னாள். அலுவலகத்தைத்தான் திட்டினாள், என்னை இல்லை.

இரண்டு மாதம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். முட்டி வலிக்காரர், லிஃப்டும் ஓடவில்லை. ஒரு கட்டம் போட்ட தாளை என் டிபன் டப்பா பக்கத்தில் விரித்தார். நோயில் இறந்தவர்களை வயதுவாரியாகப் பென்சிலால் கோடு கோடாக நிறுத்தியிருந்தார். அறுபத்தாறிலிருந்து அறுபத்தொன்பது வரை நான்கு கோடுகள் மட்டும் பக்கத்துக் கோடுகளைவிட மூன்று மடங்கு உயரம். எழுபதில் சட்டென்று இறங்கிவிட்டது.

முதலில் எனக்குத் தோன்றியது, கோடுகள் சீராக இருக்கின்றன என்பதுதான். உயிரோடு இருப்பவர்களிடம் நான் கலைத்த குவியல் இறந்தவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. இப்படி நடக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

"இது உன் வேலையா?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

"இதெல்லாம் ஆளுங்கடா."

அதுவரை அவர் என்னை டா போட்டதில்லை. அவரைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன். கூட்டிப் பார்த்தால் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு, நாளொன்றுக்கு அறுபது பேர் நிகரமாகக் கூடுகிறார்கள் என்றால் ஐந்தே நாள், திங்கட்கிழமை தொடங்கினால் வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் ஈடாகிவிடும் என்றேன். கணக்கு சரிதான், நீங்களும் போட்டுப் பார்க்கலாம். அண்ணன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தாள்தான் இப்போது உங்கள் கோப்பில் முதல் ஆவணமாக இருக்கிறது. அதற்குப் பிறகு பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ வருவதில்லை. இயக்குநர், பரத்துதல் என்ற சொல்லையே வாழ்நாளில் கேட்டதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீட்டையும் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் நேற்று, "இதனால உங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டீர்கள். மாமனார் போனதும் வீட்டு மக்கள்தொகை எட்டு. மாமியாருக்குத் தனியாகத் தூக்கம் வரவில்லை. துணைக்கு அவருடைய தங்கையும் தங்கை கணவரும் வந்தார்கள். இரண்டு மாதம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் மச்சானுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆக, பதினொன்று. தங்கை கணவர் காலை ஐந்தே முக்காலுக்குக் குளியலறைக்குள் போகிறார். பாடுவதில்லை, வாய் கொப்பளிக்கிறார். ஏழு மணி வரைக்கும் கொப்பளிக்கிறார். கொள்ளைநோய்களால் மக்கள்தொகையை ஒன்றும் செய்ய முடியாது என்று நான் அறிக்கையில் எழுதியது என் வீட்டிலேயே நிரூபணமாகிவிட்டது. லாபம் என்று எதைச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேற்று நீங்கள் படிக்கக் கொடுத்த நிபுணர் அறிக்கை எனக்குச் சாதகமானது. என் மனைவியின் சித்தப்பா மகன் வக்கீல், அவனும் படித்துவிட்டுக் குதித்தான். "இந்தப் பதினாலாம் பக்கம் ஒண்ணு போதும் அத்தான். நீங்க வாயே தெறக்க வேணாம்" என்றான். பதினான்காம் பக்கத்தில் நிபுணர் என்ன எழுதியிருக்கிறார் என்றால், பதினாறாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டை ஒன்பதால் வகுத்தால் மீதியில்லாமல் ஆயிரத்து எண்ணூற்று இருபத்திரண்டு வர வேண்டும், ஆனால் எழுபத்திரண்டு வயதுக்கு ஒன்று குறைந்தும் அறுபத்தொன்பதுக்கு ஒன்று கூடியும் இருக்கிறது, ஆகவே புரோகிராம் கவனக்குறைவாக எழுதப்பட்டிருக்கிறது, உள்நோக்கத்துக்கான தடயம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

ராத்திரி முழுக்க அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் என்று நீங்கள் சொன்ன அன்றுகூடத் தூங்கினேன்.

என் புரோகிராமில் பிழை கிடையாது, மேடம். அதை மூன்று முறை ஓட்டிச் சரிபார்த்தேன். மூன்று முறையும் ஒன்பது வயதுக்கும் ஆயிரத்து எண்ணூற்று இருபத்திரண்டுதான் வந்தது. மூன்றாம் முறை வந்ததைப் பட்டியலாக எடுத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்த பிறகு, சும்மா ஒரு சோதனைக்காக, எங்கள் வீட்டு எண்ணைத் தட்டிப் பார்த்தேன். புரோகிராம் மாமனாருக்கு எழுபத்திரண்டு கொடுத்திருந்தது. உண்மைக்கு ஒரே ஒரு வயதுதான் குறைவு. அவரே ஒருநாளும் அவ்வளவு நெருக்கமாகச் சொன்னதில்லை. ஊசி போட்டுக்கொள்ள அவருக்கு முழுத் தகுதி இருந்தது.

டீ ஆறுகிற நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுபத்திரண்டை அழித்துவிட்டு அறுபத்தொன்பது என்று தட்டினேன். அதை மட்டும் கையால் செய்தேன். அந்த ஒன்றைத்தான் நிபுணர் என் தொழிலின் குறையாக எழுதிவைத்திருக்கிறார். அவருக்குச் சொல்லி அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.

அவருக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. மூன்று மாதம் தள்ளிப்போகும், நோய் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று நினைத்தேன். அவர் வயதுக்கு நோய் வந்தால் என்ன விகிதத்தில் போவார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அந்த அட்டவணையைத் தயாரித்தவனே நான்தான். வீட்டில் கொஞ்சம் இடமாகட்டும் என்றுதான் இருந்தது. எல்லோருக்கும்தான், எனக்கு மட்டுமில்லை.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இது. ஏழாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டுப் பேரை முறைப்படி இறக்கினேன். ஒருவரைத் தெரிந்துதான் இறக்கினேன். அவர் என் மனைவியின் அப்பா.

வெளியே இருப்பவளிடம் சட்டையை வாங்கி வைத்துக்கொண்டு அவளை அனுப்பிவிடுங்கள். விஷயத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல ஆரம்பித்தால் குவியலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும், அவளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கொஞ்ச நாள் கோபமாக இருப்பாள். ஆனால் மாமனார் மட்டும் இப்போது இருந்திருந்தால் அவளை உட்காரவைத்து, மாப்பிள்ளை எது செய்தாலும் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்று எனக்காக எடுத்துச் சொல்லியிருப்பார்.